அண்ணன் வளவில் நின்ற தண்ணீர் மெசின்

அவனுடைய பெயரைக் கொடுத்தது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. ஓஸ்லோவில், சூடான ஓர் அலுவலகச் சமையலறையில், கையில் கோப்பியோடு நின்று, மன்னாரில் இருக்கும் என் அண்ணனின் பெயரையும் அவனுடைய நம்பரையும் ஒரு நோர்வேக்காரிக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பிறகு நடந்ததை எல்லாம் அவன்தானே செய்தான் என்று கையைக் கழுவலாம். எனக்கு அப்படிக் கழுவத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அந்த அலுவலகத்தைத் துப்புரவு செய்கிறவள். உலகத்தில் எங்கே நிலம் நடுங்கினாலும், எங்கே வெள்ளம் வந்தாலும், நோர்வே அரசாங்கம் கொடுக்கிற காசில் கூடாரமும் மருந்தும் தண்ணீரும் அனுப்புகிற நிறுவனம் அது. நான் குடியிருக்கிற ஸ்டோவ்னரில் முதல் ரயிலைப் பிடித்தால் ஆறு மணிக்கு முன் போய்ச் சேரலாம். வாசல் கூடத்தில் கதவளவு உயரமான ஒரு திரை இருந்தது. உதவி போய்ச் சேர்ந்த இடங்களின் படங்கள் அதில் நாள் முழுக்க மாறி மாறி வரும். வாளியில் தண்ணீர் பிடிக்கிற பிள்ளை, புதுக் கூடாரத்தின் முன்னே சிரிக்கிற கிழவர். அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலைதான். பதினொரு வருஷம் துடைத்தேன், எந்த நாட்டு அழிவு என்று ஒருநாள் நின்று பார்த்ததில்லை.

அங்கே எல்லோருக்கும் முன்னால் வருகிறவள் ஓர் அதிகாரி. ஸ்தவாங்கரில் பிறந்தவள். அவளுடைய தகப்பன் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலையில் எனக்கும் சேர்த்துக் கோப்பி போடுவாள். நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வரும், ஏனென்றால் அவளிடம் கோபிக்க ஒன்றும் கிடைக்காது.

"எங்கள் கடலுக்கு அடியில் எண்ணெய் இருந்தது எங்கள் கெட்டித்தனம் இல்லை. கிடைத்தது. கிடைத்தவன் கொடுக்கத்தான் வேண்டும்" என்று ஒருநாள் சொன்னாள்.

"எங்கட கடலுக்கு அடியிலை இறால்தான் இருந்தது" என்றேன் நோர்வே மொழியில். விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன வருஷக் கடைசியில் எங்கள் பக்கம் புயல் அடித்தது. மன்னார்க் கரையில் எங்கள் ஊரில் என் அண்ணனும் தங்கச்சியும் இருக்கிறார்கள். தங்கச்சி என்னைவிட நாலு வயது இளையவள். புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒன்பது வருஷம். பிள்ளை குட்டி இல்லை. மாதா கோயிலைக் கூட்டுவாள், பீடத்துக்குப் பூ வைப்பாள், ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கருவாடு போடுவாள். மூன்று நாள் அவளுடைய போன் வேலை செய்யவில்லை. நாலாம் நாள் வந்த குரலை நான் அவள் என்று நம்பவில்லை.

"அக்கா, கடல் எழும்பி வந்தது. ஓடி வரேல்லை, எழும்பி வந்தது" என்றாள்.

சனம் எல்லாம் கோயிலுக்குள் நின்றிருக்கிறது. காற்று கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியது. ஒரு தகரம் கோயிலுக்குள்ளேயே சுழன்று வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதனின் தோளைக் கழுத்துவரை பிளந்தது. அவனைக் கிடத்த இடமில்லாமல் பீடத்தின் மேல் கிடத்தினார்களாம். விடிய அவன் செத்துப்போனான். தண்ணீர் வற்றிய பிறகு பார்த்தால் ஊரில் ஒரு கிணறும் மிச்சமில்லை. எல்லாவற்றிலும் கடல் இறங்கியிருந்தது. ஒரு கிணற்றுக்குள் ஆடுகள், நாய்கள், இன்னொன்றுக்குள் ஒரு பொம்பிளை. ஆட்டைக் கயிறு போட்டு இழுக்கக் கால் மட்டும் கையோடு வந்தது என்று தங்கச்சி சொன்னபோது நான் போனைத் தூரப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை இங்கே தொலைக்காட்சியில் மந்திரி வந்து உதவி அறிவித்தார். ஸ்டோவ்னரில் எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டார்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். "எங்கட நாடு குடுக்குது" என்று பூசை முடிந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். என் மகள் இங்கேயே பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள். அவளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"மம்மா, எண்ணெயை விக்கிறதும் நாங்கள், அதை எரிச்சுக் கடல் சூடாகிப் புயல் வந்தாப் பிறகு நோட்யெல்ப் எண்டு மெசின் அனுப்புறதும் நாங்கள். இதிலை என்ன பெருமை?" என்றாள். அவசர உதவிக்கு இங்கே சொல்லுகிற பெயர் அது.

"வாயை மூடடி. தாகத்திலை கிடக்கிறவனிட்டைப் போய் இந்தக் கதையைச் சொல்லிப் பார்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் கேட்காது. அவள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சமையலறைப் பேச்சு. அதிகாரி கோப்பியை நீட்டியபடி, "உன் ஊர் எது?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய கண் விரிந்தது. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற மெசின்கள் கொஞ்சம் அந்தக் கரைக்குப் போகின்றன, ஒன்று உங்கள் ஊருக்கு என்றாள். டீசலில் ஓடுகிற மெசின். கொழும்பில் இருக்கும் ஒரு கூட்டு நிறுவனம் கொண்டுபோய் இறக்கும். ஊரில் பொறுப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும், நீ நம்புகிற ஆள் என்றாள்.

தங்கச்சியின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. கடவுள் சத்தியமாக இருந்தது. வாயைத் திறந்தேன், அண்ணனின் பெயர் வந்தது.

எங்கள் கடற்கரையில் அதுதான் வழக்கம். வீட்டில் மூத்த ஆண்பிள்ளை இருக்கும்வரை வெளியிலிருந்து வருகிற எதுவும் அவன் பெயருக்குத்தான் வரும். கரைவலைப் பங்கு அவன் பெயரில் கூப்பிடப்படும். திருவிழாவில் மாதாவின் சுரூபம் வைத்துத் தூக்குகிற கூட்டுக்கு எங்கள் வீட்டுச் சார்பில் தோள் கொடுக்கிறவன் அவன். இருபத்தாறு வருஷமாய் நான் அனுப்பிய பார்சல்கள் எல்லாம், தங்கச்சிக்கு வைத்த சட்டைத்துணிகூட, அவன் பெயரில்தான் போயின. அவன் பிரித்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவளிடம் எறிவான். அவன் இருக்கும்போது ஒரு விதவைத் தங்கச்சியின் பெயரைச் சொன்னால் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கும். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

உண்மை வேறு. எனக்குப் பயம். பதினாறு வயதில், திருவிழாக் கடையடியில் ஒரு பெடியனோடு நின்று கதைத்தேன் என்று, அண்ணன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குள் என் முகத்தை அமுக்கினான். தூக்குவான், ஒரு மூச்சு விட விடுவான், மறுபடி அமுக்குவான். ஒவ்வொரு முறையும் அம்மா அடுப்படியில் நின்று, "காணும் தம்பி, விடு, காணும்" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாக! அயலுக்குக் கேட்டுவிடுமாம். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கண்டமே தாண்டி, பனிக்குள் வாழ்கிறேன். இன்றைக்கும் முகம் கழுவும்போது கண்ணை மூட மாட்டேன்.

ஒரு மாதத்தில் மெசின் போய் இறங்கியது. அடுத்த கிழமை நான் வாசல் கூடத்துக்குள் வாளியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், திரையில் அண்ணன் நிற்கிறான்! என் உயரத்துக்கு மேலே, வெள்ளைச் சட்டை, மெசினின் மேல் ஒரு கை. சிரிக்கிறான். பக்கத்தில் அந்த எண்ணெய் நாட்டுக் கொடி, அதாவது எங்கள் கொடி, ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவனுடைய முகத்தை நான் மருந்தடித்துத் துடைத்தேன். அதிகாரிக்குப் பெரிய சந்தோஷம். "உன் அண்ணன் உன்னைப் போலவே இருக்கிறார்" என்றாள். பாவி, வேறு எதையும் சொல்லியிருக்கலாம்.

தங்கச்சியின் போன் வேறு கதை சொன்னது. மெசினை இறக்கியது கோயிலடியில் இல்லை, அண்ணனின் வளவுக்குள். சுற்றி முள்ளுக்கம்பி. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைபிடியை அவன் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறான். அவனுடைய வலைக்கு ஆள் தருகிற வீடுகளுக்குத் தண்ணீர். முன்பு கரைவலைத் தகராறில் நடந்த வழக்கில் அவனுக்கு எதிராக நின்ற வடக்குத் தெருச் சனத்துக்கு ஒரு சொட்டும் இல்லை. அந்தச் சனம்தான் வீடெல்லாம் போய்க் கோயில் முற்றத்தில் கிடந்தது, ஏதோ ஒரு வளைகுடா நாடு அனுப்பிய கூடாரங்களில். கூடாரம் ஓர் எண்ணெய் நாட்டுடையது, மெசின் இன்னோர் எண்ணெய் நாட்டுடையது. நடுவில் பிள்ளைகள் உப்புக் கிணற்றில் மொண்டு குடித்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நான் போய்க் கேட்டனான் அக்கா. 'ஆர்ர பேரிலை வந்தது?' எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்ல?" என்றாள் தங்கச்சி.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அது ஊருக்கெண்டு குடுத்தது. குழந்தைகள் குடிக்கட்டும்."

"என்ர பேரை ஆர் குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப பொத்திக்கொண்டு இரு. என்னைக் கோட்டிலை ஏத்தினவன்ர பிள்ளைக்கு நான் தண்ணி வாக்கிறதோ? அங்கை இருந்துகொண்டு எனக்கு வகுப்பெடுக்காதை." வைத்துவிட்டான்.

அடுத்த நாள் காலையில் அதிகாரி கேட்டாள், எப்படிப் போகிறது, அறிக்கை எழுத வேண்டும் என்று. சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் அண்ணன் ஒரு முரடன், தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறான், அதை எடுத்துக் கோயிலில் வை என்று மூன்று வசனம். எங்கள் வீட்டுக் குப்பையை ஒரு வெள்ளைக்காரியின் கோப்பி மேசையில் கொட்டுவதா என்று இருந்தது எனக்கு. நான் கூட்டிப் பெருக்குகிற இடத்தில் என் குடும்பத்தின் மானம் கப்பலேறுவதா? "எல்லாம் நல்லாப் போகுது" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த மானத்தைக் கொண்டுபோய் எந்தக் கடலில் கொட்ட இப்போது?

கூடாரத்தில் ஒரு குழந்தை செத்தது. ஒன்றரை வயது. வயிற்றால் போய் மூன்றாம் நாள். தங்கச்சிதான் குளிப்பாட்டினாள், அதுவும் உப்புத் தண்ணீரில். அன்றைக்கு அவள் என்னிடம் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலமை நான் போய் எஞ்சினைக் கிளப்பப் போறன். கைபிடியை அண்ணி எடுத்துத் தாறன் எண்டு சொன்னவ" என்றாள்.

"விசரே உனக்கு? பொறு, நான் கதைக்கிறன்."

"நீ கதைச்சது காணும். நீ ஒண்டு செய். நான் வீடியோவிலை எடுப்பன். நீ பாத்துக்கொண்டிரு. நீ பாக்கிறாய் எண்டு தெரிஞ்சா அவர் தொட மாட்டார்."

என்ன நம்பிக்கை பாருங்கள். வெளிநாட்டில் ஓர் அக்கா பார்த்துக்கொண்டிருந்தால் அடி விழாதாம். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது, அதுதான் கேவலம். ஓம் என்றேன்.

இங்கே காலை ஆறு மணி, அங்கே பத்தரை. வாசல் கூடத்தில் நான் தனியே. வரவேற்பு மேசையில் பூச்சாடிக்குச் சாய்த்துப் போனை நிறுத்தி வைத்துவிட்டு நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவள் தன்னுடைய போனைத் தண்ணீர்த் தாங்கியின் அடியில் சாய்த்து வைத்திருந்தாள். நல்ல வெயில். வடக்குத் தெருப் பெண்கள் குடங்களோடு முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்றார்கள். தங்கச்சி சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு கைபிடியைச் சுற்றினாள். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தபோது பெண்கள் போட்ட சத்தம் இங்கே ஓஸ்லோவில் அந்தக் கண்ணாடிச் சுவரெல்லாம் கேட்டது. நானும் தடியை நிலத்தில் குத்திச் சத்தம் போட்டேன். அட, என்ன சந்தோஷம் அது! ஏழோ எட்டோ குடம் நிறைந்திருக்கும்.

கடலுக்குப் போயிருந்த அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்னே வந்துவிட்டான்.

முதல் அடி அண்ணிக்கு. அவள் வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்தாள், புறங்கையால் ஒரே அறை, படத்திலிருந்தே மறைந்துபோனாள். பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தங்கச்சி ஓடவில்லை. போனைக் காட்டினாள்.

"அக்கா பாக்கிறா" என்றாள்.

நான் கத்தினேன். "அண்ணை! தொடாதை! நான் பாக்கிறன்! டேய், தொட்டாயெண்டால்..." ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதன்முறை அவனை டேய் என்றேன். அவன் குனிந்து போனுக்குள் என்னைப் பார்த்தான். நல்லாய்ப் பார்த்தான். பிறகு எஞ்சினில் சாய்த்திருந்த இரும்புக் கைபிடியை எடுத்தான்.

எண்ணினேன். அடிகளை ஏன் எண்ணினேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எண்ணினேன். முதலாவது தோளில். இரண்டாவது, அவள் தடுக்க உயர்த்திய கையில். எலும்பு உடைந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மூன்றாவது முகத்தில். நாலாவதும் முகத்தில். அவள் விழுந்த பிறகு இரண்டு. தண்ணீர் குழாயால் சும்மா பாய்ந்துகொண்டிருந்தது, அவளைச் சுற்றி நிலம் சேறாகி, சேறு சிவந்தது. அவள் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. அவன் போனை எட்டி உதைத்தான், படம் போனது.

நான் நிமிர்ந்தேன். எதிரே திரையில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், மெசினில் கை வைத்து.

நிலம் துடைக்கிற தடியின் அடி அலுமினியம். அதைத் திருப்பிப் பிடித்து அவன் வாயில் குத்தினேன். கண்ணாடி சிலந்தி வலை மாதிரிப் பிரிந்தது, முகம் போகவில்லை. மறுபடி குத்தினேன். தடி வளைந்தது, வாளியைத் தூக்கி அடித்தேன். கடைசியில் கையால் அடித்தேன். படம் அணைந்த பிறகும் அடித்தேன். கெட்ட தூஷணம் எல்லாம் சொன்னேன், எனக்கு இத்தனை தெரியும் என்று எனக்கே தெரியாது. அதிகாரி வந்தபோது நான் அழுக்குத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தேன், வலது கையில் மணிக்கட்டுவரை கண்ணாடி.

அவள் பயப்படவில்லை. சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று வசனத்தையும் முதலில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"நீ நல்லாய்ப் போகுது என்று சொன்னாயே" என்றாள்.

"ஓம்" என்றேன். "பொய் சொன்னனான்."

"நானும் ஒரு தரம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். படம் நன்றாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன்" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். திரைக்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் உடைத்தது உடைத்ததுதான்.

தங்கச்சி பிழைத்தாள். ஒரு கண் போயிற்று, தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள், இடது கை இனிப் பழைய மாதிரி மடங்காது. அதிகாரி நான் சொன்னபடி செய்தாள். கூட்டு நிறுவனம் மெசினைக் கழற்றிக் கோயில் முற்றத்தில் வைத்தது. எல்லாத் தெருவும் குடித்தது. பிள்ளைகளின் வயிறு ஆறியது. பொலிஸ் அண்ணனைப் பிடித்தது. பிடித்தாலும் சாட்சி வேண்டும். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் அத்தனை பேரும், நாங்கள் ஒன்றும் காணவில்லை என்றார்கள். அண்ணி, எனக்குத் தலை சுற்றி விழுந்தனான் என்றாள். மிச்சம் நான் ஒருத்தி. கண்டதை எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பும்படி அங்கிருந்து ஒரு சட்டத்தரணி கேட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி தங்கச்சியின் காதில் போனைப் பிடித்தாள். கட்டிய தாடைக்குள்ளிருந்து, பல்லுக்கு இடையால் கதைத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அக்கா, வழுக்கி விழுந்தனான் எண்டு எழுது."

"என்னடி சொல்லுறாய்? நான் பாத்தனான். ஆறு அடி!"

"எத்தினை நாளைக்கு வச்சிருப்பினம் அவரை? வெளியிலை விட்டா ஆரிட்டை வருவார்? நீ அங்கை இருக்கிறாய் அக்கா. நான் இஞ்சை இருக்கிறன்."

மகளிடம் சொன்னேன். "மம்மா, பாத்ததை மறைக்கேலாது, அது குற்றம்" என்றாள். எனக்கு அவள் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. பதினாறு வயதிலிருந்து எரிந்தது. தொட்டித் தண்ணீர், மூச்சு, அம்மாவின் மெதுவான குரல், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேனையைப் பிடித்தேன். ஓஸ்லோவில், பூட்டிய கதவுக்குப் பின்னால், எட்டாம் மாடியில் இருந்து, ஆறு அடியையும் ஒவ்வொன்றாக எழுதினேன். கைபிடி என்று எழுதினேன், என் அண்ணன் என்று எழுதினேன். கையெழுத்து வைத்தபோது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. தங்கச்சி கேட்டதை நான் செய்யவில்லை. அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உதவி செய்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்போல.

ஐந்து கிழமை உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு பிணையில் விட்டார்கள். அவன் வெளியே வந்த செய்தியை இங்கே திராமன் நகரத்தில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்துச் சொன்னார், காலநிலை சொல்லுகிற மாதிரி. அன்றிலிருந்து மூன்று நாள் தங்கச்சியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கன்னியாஸ்திரியைக் கேட்டேன், அவ வீட்டுக்குப் போய்விட்டாவே என்றாள்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, மேற்சட்டையைக் கழற்றாமலே மறுபடி எடுத்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"தங்கச்சி!" என்றேன். "எங்கையடி போனனி? எனக்கு உயிர் போட்டுது."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் தட்டு வைக்கிற சத்தம், கரண்டிச் சத்தம்.

"சொல்லு" என்றான் அண்ணன்.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அவள் எங்கை?"

"இஞ்சைதான். எனக்குச் சாப்பாடு போடுறாள். நான் இனி இஞ்சைதான் இருப்பன். தனியப் பொம்பிளை, ஒரு கண்ணோடை என்னெண்டு இருக்கிறது? ஆரும் பாக்க வேண்டாமோ?"

"அவளிட்டைக் குடு."

"அவள் கதைக்க மாட்டாள். என்னடி, கதைக்கிறியோ?" என்று அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டான்.

தூரத்தில் அவளுடைய குரல் கேட்டது. தாடை இன்னும் சரியாக ஒட்டவில்லை, சொற்கள் குழறின. ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றும் விளங்கியது.

"நான் சுகமாய் இருக்கிறன் எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ, அண்ணை."

"கேட்டதோ? சுகமாய் இருக்கிறாளாம்" என்றான் அவன்.

கத்தியிருக்கலாம். பொலிஸ் என்று சொல்லியிருக்கலாம். மகள் என் காதுக்குள், சொல்லுங்கோ மம்மா, சொல்லுங்கோ என்று நெருக்கினாள். சொன்ன அடுத்த நிமிஷம் அவன் கை எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அடங்கினேன் என்று எழுத ஆசை. முழுக்க அதற்காக இல்லை. அவன் குரல் கேட்டதும் என் மூச்சு நின்றுபோயிருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன். "கேட்டது."